விரல் தெரியாத நீரில் முக்குளிக்கக் கற்பித்தல்

நவம்பர் பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால், பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் முதலிய மலேசியக் கிழக்குக்கரைத் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் குறைந்து, அங்குள்ள முக்குளிப்பு மையங்களில் பெரும்பாலானவை கதவைச் சாத்திவிடுகின்றன. கடல் மீண்டும் அடங்கும்வரை கோலாலம்பூரில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுபவை நீச்சல்குளமும், நகரைச் சுற்றியுள்ள பழைய ஈயக்குட்டைகளுள் (வெள்ளீயம் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து உண்டான ஏரிகள்) முக்குளிக்க அனுமதி கிடைக்கும் ஒன்றிரண்டும்தான். என் தங்கை மகளுக்கு இப்போது 13 வயது. சென்ற பருவத்தில் பெர்ஹெந்தியானில் இளையோருக்கான ஸ்கூபா சான்றிதழைப் பெற்றவள். பவளப்பாறைகளுக்கு மேலே 15 மீட்டர் தூரம்வரை பளிச்சென்று தெரியும் நீரில் கொஞ்சமும் தயங்காதவள். அப்படிப்பட்டவள் இங்குள்ள ஏரியில் 2 மீட்டர் இறங்கியதுமே மேலே வந்து, வாயிலிருந்த ரெகுலேட்டரை (டேங்க்கின் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) கழற்றிவிட்டு, “மாமா, கீழ ஒண்ணுமே இல்ல” என்றாள்.

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்த ஏரியில் நல்ல நாளில் 2 மீட்டர்வரை தெரியும்; மழைக்குப் பிந்தைய நாளில் கையை நீட்டினால் விரல் தெரியாது. இத்தகைய நீரில் ஒரு பிள்ளையைப் பழக்குவது எப்படி என்று அண்மையில் சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். இளையோருக்குப் பயிற்சி அளிப்பதில் சில ஆண்டு அனுபவம் உள்ளவன் என்ற முறையில் நான் கடைப்பிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். தைரியமூட்டும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணுக்கு வேலை இல்லாத இடத்தில் கைக்கும் காதுக்கும் மூச்சுக்கும் முன்கூட்டியே வேலை கற்றுக்கொடுத்துவிட்டால் அச்சம் பெருமளவு தானாகவே குறைந்துவிடும் என்பதுதான் நான் கண்டது.

முதலில் நீர் ஏன் கலங்கியிருக்கிறது என்பதை அவளுக்கு விளக்கினேன். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்று வழியாக வந்து அம்பாங் பகுதியில் ஈயம் தேடிய கதையை அவள் பள்ளியிலேயே படித்திருக்கிறாள். ஆனால் அந்த ஈயத்துக்கும் தன் மாஸ்க்குக்கு முன்னால் மிதக்கும் பச்சைக் கலங்கலுக்கும் தொடர்பு உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கருங்கல் மலைகள் சிதைந்து உண்டான மண்ணில்தான் இங்கே ஈயத்தாது கிடந்தது. அந்த மண்ணை வேகமான நீர்ப்பீச்சால் உடைத்து, சேறாக்கி, பம்பினால் உயரே ஏற்றி, பாலோங் எனப்படும் நீண்ட மரச்சரிவில் ஓடவிட்டார்கள். எடை மிகுந்த தாது அதன் தடுப்புகளில் தங்கியது; மணலும் களிமண்ணும் கழிவாக வழிந்து பள்ளங்களை நிரப்பின. 1985-இல் ஈயத்தின் விலை சரிந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது மிச்சக் குழிகளிலும் மழைநீரும் ஊற்றுநீரும் நிரம்பின. செர்டாங் பக்கத்தில் மைன்ஸ் வணிக வளாகத்தை ஒட்டியுள்ள ஏரியும் பழைய ஈயச் சுரங்கக் குழியில் உண்டானதுதான்.

மணல் உடனே அடியில் தங்கிவிடும். களிமண்தான் சிக்கல். 2 மைக்ரான் அளவுள்ள களிமண் துகள், முற்றிலும் அசையாத நீரில்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 செண்டிமீட்டர்தான் கீழே இறங்கும். ஆகவே, 6 மீட்டர் ஆழத்தில் ஒருவர் அலட்சியமாகக் காலை உதைத்துக் கிளப்பிவிட்ட சேறு அன்றைக்கு அடங்கப்போவதில்லை. இதற்கு மேல் பாசி வேறு. அது சூரிய ஒளியின் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை மட்டும் விட்டுவைக்கிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த கலவரம் குறைந்ததைப் பார்த்தேன். “அப்போ இது அழுக்கு இல்ல, மண்ணு” என்றாள். காரணம் தெரிந்த இருட்டைப் பிள்ளைகள் வேறு விதமாகத்தான் எதிர்கொள்கிறார்கள்.

அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, இதில் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்தில் வளர்ந்த அவருக்கு ஈயக்குட்டை என்றாலே ஆளை இழுக்கும் இடம். நான் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. கைவிடப்பட்ட குட்டைகளின் கரை, ஓரத்திலேயே சட்டென்று ஆழமாகச் சரியும். அடியில் இருக்கும் வண்டல், கால் வைத்தால் உள்வாங்கும். 2018 அக்டோபர் 3-ஆம் நாள் பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில், பழைய சுரங்கக் குட்டை ஒன்றில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடச் சென்ற தீயணைப்புத் துறையின் நீர் மீட்புப் படை வீரர்கள் 6 பேர் நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி நேர்ந்த இடங்களை விளையாட்டாக எண்ணக் கூடாது. பொறுப்பாளர் இருந்து, அனுமதி பெற்று, கரையின் சரிவும் அடியின் தன்மையும் நன்கு தெரிந்த, நீர் உள்ளே வரும் வெளியேறும் வழிகளில் இழுப்பு இல்லாத ஏரியில்தான் நாங்கள் இறங்குகிறோம். பலத்த மழைக்கு அடுத்த நாள் இறங்குவதே இல்லை. அதற்குக் கலங்கல் மட்டும் காரணமன்று. எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் மழைநீரோடுதான் குட்டைக்குள் வருகிறது. மலேசியாவில் அந்த நோய் 2010 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. காலில் ஆறாத சிராய்ப்பு இருந்தாலும் அன்றைக்குக் கரையோடு சரி. இறங்கிய பிறகு ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஏரியில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதைத் தங்கையிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

பிள்ளையின் உண்மையான அச்சம் இவை எதுவும் இல்லை. அவள் பயந்தது விரால் இனத்தைச் சேர்ந்த பெரிய தோமான் மீனுக்கு. குஞ்சுகளைக் காக்கும் பருவத்தில் தோமான் தன்னை நெருங்குபவரை முட்டவோ கடிக்கவோ வரும் என்பது உண்மைதான். தண்ணீரின் மேற்பரப்பில் சிவந்த குஞ்சுகள் கொத்தாகக் கொப்பளிப்பது தெரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே அதற்குப் போதுமான தீர்வு. இறங்குவதற்கு முன் கரையில் நின்று குஞ்சுக் கூட்டம் தேடும் வேலையை அவளிடமே ஒப்படைத்தேன். இப்போது என்னைவிட விரைவாக அவள்தான் கண்டுபிடிக்கிறாள்.

“பயப்படாதே” என்று நான் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எதுவும் தெரியாத இடத்தில் அச்சம் எழுவது மூளை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதை அடக்கச் சொன்னால் பிள்ளை நம் முன்னால் அடக்கிக்கொண்டு, நீருக்கு அடியில் தனியாக அதனோடு மல்லுக்கட்டும். அச்சத்தோடு வரும் மூச்சுதான் உண்மையான ஆபத்து. வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சுவிடும்போது கரியமிலவாயு முழுமையாக வெளியேறாமல் தேங்குகிறது. அது தேங்கத் தேங்க டேங்க் நிறையக் காற்று இருந்தும் மூச்சு முட்டுவதுபோன்ற உணர்வு வருகிறது. அந்த உணர்வு அச்சத்தை மேலும் கூட்டுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காற்றைச் செலவழிப்பதால் டேங்கும் விரைவாகக் காலியாகும். ஆகவே, மூச்சை நீளமாக வெளியே விடுவதற்கு ஒரு வேலை கொடுக்கவேண்டியிருந்தது.

அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் சங்கீத வகுப்புக்குப் போகிறவள். ரெகுலேட்டரைக் கடித்தபடி வெளிமூச்சில் சரளி வரிசையை முனகிக்கொண்டே போகச் சொன்னேன். முனகும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது. மேலேறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தான பழக்கமும் வருவதில்லை. எனக்கும் ஒரு நன்மை உண்டு. ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் செல்வதால், அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது பிரித்தறியாது. ஆனால் அவள் முனகல் நிதானமாக இருக்கிறதா, தடுமாறுகிறதா என்பது அவளைப் பார்க்க முடியாதபோதும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். தாளம் ஓடத் தொடங்கினால் அவள் கையை அழுத்தி நிறுத்திவிடுவேன்.

ஏரிக்குப் போவதற்கு முன்பே நீச்சல்குளத்தில் நீண்ட பயிற்சி நடந்தது. வழக்கமாக மாஸ்க்கை முற்றிலும் கறுப்பாக மூடிப் பழக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏனென்றால் இந்த ஏரிகளில் முதல் சில மீட்டர்கள் இருட்டாக இருப்பதில்லை. ஒளி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, மேல் எது கீழ் எது என்று சொல்லாத வெளிச்சம்தான் அங்கே இருக்கிறது. அதனால் பிஸ்கட் சுடும்போது தட்டில் விரிக்கும் மெழுகுத்தாளை வெட்டி அவள் மாஸ்க்கின் கண்ணாடிக்கு உட்புறம் பொருத்தினேன். அந்த நிலையில் அவள் தன் கருவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லவேண்டும்: இடது தோளில் மிதப்பு அங்கிக்குக் காற்றேற்றும் குழாய், அதன் நுனியில் எந்த விரலுக்கு எந்தப் பொத்தான், வலப்புறம் மாற்று ரெகுலேட்டர், இடுப்பில் எடைப் பட்டையின் கொக்கி, மார்பில் கயிறு அறுக்கும் கத்தி. பழைய தூண்டில் நரம்புகள் ஏரியில் எங்கே கிடக்கும் என்று தெரியாது. கத்தி இரண்டு கைக்கும் எட்டுகிறதா என்பதைக் கரையில் நின்று அவளே கண்ணை மூடிச் சோதித்துக்கொள்வாள். வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துவிட்டு மறுபடி கண்டுபிடிப்பதையும், மாஸ்க்கில் நீரை விட்டு வெளியேற்றுவதையும் மெழுகுத்தாளோடுதான் செய்தாள், சலிப்புத் தட்டும்வரை. சலிப்புத் தட்டிய பிறகுதான் ஏரி என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

மிதப்பைச் சமன்செய்ய இடுப்பில் கட்டும் எடையின் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. உடலும் கருவிகளும் சேர்த்து 60 கிலோ என்றால், கடலில் போட்ட எடையிலிருந்து 1.5 கிலோவைக் கழித்தால்தான் ஏரியில் அதே மிதப்பு கிடைக்கும். பழைய எடையோடே இறங்கும் பிள்ளை நேராக அடிவண்டலில் போய் விழும். அந்தக் கணமே சுற்றிலும் காப்பித்தூள் நிறத்தில் புகை கிளம்பி, இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விடும். அவளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் படுத்த நிலையில் நிற்கவைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளும் உதைப்பைப் பழக்கினேன். மேலும் கீழுமாக அடிக்கும் உதைப்பைப் போலன்றி, இதில் நீர் கீழ்நோக்கித் தள்ளப்படுவதில்லை.

ஏரியில் இறங்குவதற்கு மிதவையோடு கட்டிய கயிறு ஒன்றைப் பயன்படுத்துகிறோம். கீழே கனமான எடை. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சு. 3-ஆவது மீட்டரில் இரட்டை முடிச்சு. 6-ஆவது மீட்டரில் ஒரு துண்டு ரப்பர் குழாய். கயிற்றை இறுகப் பிடிக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வளையமாகச் சேர்ந்து வழுக்கிச் செல்லும்படி பிடிப்பதால், முடிச்சு விரலைத் தட்டும்போதெல்லாம் எத்தனை மீட்டர் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆழத்தைக் காட்டும் டைவ் கணினியின் எண்களைப் பார்க்க அவள் அதை மாஸ்க்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவரவேண்டியிருந்தது. எண் தெரிந்ததும் விரல் சொன்னதும் எண் சொன்னதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவாள். இரண்டும் ஒத்துப்போனபோது அவள் தோள்கள் தளர்ந்ததை, அவள் கையைப் பிடித்திருந்த என்னால் உணர முடிந்தது. ஏறத்தாழ 4 மீட்டருக்குக் கீழே நீர் திடீரென்று குளிரும். முகத்தில் படும் அந்தக் குளிர் எவரையும் திடுக்கிட வைக்கும் என்பதால், எந்த முடிச்சில் அது வரும் என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

தூரத்தைப் பற்றிய குழப்பத்தையும் சொல்லவேண்டும். தெளிந்த நீரில் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் இருப்பதைவிட நெருங்கியும் பெரிதாகவும் தோன்றும். கலங்கல் கூடக் கூட இது தலைகீழாகி, மங்கலாகத் தெரியும் பொருள் உள்ளபடியான தூரத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றத் தொடங்கும். புகைமூட்ட நாளில் அம்பாங்கிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டதுபோல் இருக்குமே, அதே காரணம்தான். மங்கலை மூளை தூரமாகப் படித்துவிடுகிறது. கடலில் பழகிய பிள்ளை, துணைவர் ‘தூரத்தில்’ இருப்பதாக எண்ணி விரைந்து வந்து அவர் டேங்கில் மோதிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எதை நோக்கிப் போனாலும் ஒரு கை முன்னால் நீண்டிருக்கவேண்டும் என்பது எங்கள் விதி.

சைகைகள் தெரியாத இடத்தில் தொடுகைதான் மொழி. இதற்கு உலகெங்கும் ஒரே முறை இல்லை. நாங்கள் வகுத்துக்கொண்டது எளிமையானது. ஒருமுறை அழுத்தினால் நலமா என்ற கேள்வி. பதிலும் ஒருமுறை அழுத்தல். இருமுறை அழுத்தினால் நில். மேலே போகலாம் என்றால் மடக்கிய கையின் கட்டைவிரலை நிமிர்த்தி மற்றவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தவேண்டும். கைகளுக்கு வேறு வேலை வரும்போது ஒரு மீட்டர் நீளமுள்ள கயிற்றின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்கிறோம். மணிக்கட்டில் கட்டுவதில்லை, சிக்கிக்கொண்டால் உடனே விட்டுவிட முடியவேண்டும்.

பிரிந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் தேடாமல் மேலேறி மேற்பரப்பில் சந்திக்கவேண்டும் என்பது பொது விதி. இளையவர்களுக்கு அந்த ஒரு நிமிடத் தேடலையும் நான் தருவதில்லை. நிற்கவேண்டும், மூச்சுவிடவேண்டும், மேலேறவேண்டும். தேடுவது பெரியவரின் வேலை. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில், ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டியபடி, முனகிக்கொண்டே தனியாக மேலேறும் இந்த ஒரு பயிற்சியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் செய்தோம். கயிற்றுக்கு மறுபுறம் நான் அவளுக்குத் தெரியாத அளவு தள்ளி, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் உடன் ஏறினேன். துணை இல்லாமலும் மேலே வந்துவிட முடியும் என்று உடம்பு கற்றுக்கொண்ட பிறகுதான், பிள்ளை துணையின் கையைப் பிறாண்டாமல் சாதாரணமாகப் பிடிக்கிறது.

தலைசுற்றலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணுக்கு ஆதாரம் இல்லாதபோது சமநிலையைப் பெரும்பாலும் காதின் உட்பகுதிதான் கவனிக்கிறது. அது எளிதில் ஏமாறும். அப்போது செய்யவேண்டியவை: கயிற்றைப் பிடி, கணினியின் எண்ணைப் பார், வெளிவிடும் குமிழிகள் கன்னத்தின் எந்தப் பக்கம் உரசிப் போகின்றன என்று கவனி. குமிழிகள் போகும் பக்கம்தான் மேல். டார்ச்சைப் பொறுத்தவரை, அகன்ற ஒளி மிதக்கும் துகள்களில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புவதால், குவிந்த ஒளியுள்ளதை வாங்கி, முகத்திலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். விலையுயர்ந்தது தேவையில்லை.

சான்றிதழின்படி 12 முதல் 14 வயதுவரை உள்ளவர்கள் சான்று பெற்ற பெரியவர் ஒருவரோடு 18 மீட்டர்வரை இறங்கலாம் என்று முக்குளிப்புச் சான்றிதழ் வழங்கும் பேடி (PADI) அமைப்பு அனுமதிக்கிறது. அது தெளிந்த நீருக்கும் கலங்கிய நீருக்கும் பொதுவான மேல் எல்லை, இலக்கு அன்று. ஏரியில் அவளுக்கு நான் வைத்த எல்லை 6 மீட்டர். எந்த முக்குளிப்பையும் எவரும் எந்தக் காரணத்துக்காகவும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம் கேட்கப்படாது என்ற விதியையும் முதல் நாளிலேயே அவள் அப்பாவின் முன்னிலையில் சொல்லிவைத்தேன். பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற சொற்களைப் பெரியவர்கள் கரையில் உதிர்ப்பதுதான் பிள்ளையை நீருக்கு அடியில் பொய் சொல்ல வைக்கிறது.

அந்த விதி ஒருநாள் சோதனைக்கு வந்தது. இரட்டை முடிச்சைத் தாண்டியதும் அவள் கட்டைவிரல் என் உள்ளங்கையில் அழுந்தியது. மேலே வந்தோம், கரையேறினோம், டேங்கைக் கழற்றினோம். காத்திருந்த அவள் அப்பா எதையோ கேட்க வாயெடுத்து, பிறகு பையிலிருந்து நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில், செராஸ் நெரிசலில் வண்டி நின்றிருந்தபோது, இடது காது சரியாகத் திறக்கவில்லை என்றும், அதைக் கையழுத்தலில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றும் அவளே சொன்னாள். அச்சம் என்று நாங்கள் எண்ணியிருக்கக்கூடியது வெறும் காதடைப்பு. அடுத்த முறை இறங்குவதற்குமுன் எங்கள் தொடுகை மொழியில் புதிதாக ஒன்று சேர்ந்தது: என் கையை இழுத்துத் தன் காதின்மேல் வைப்பாள்.

அதற்குப் பிறகு அவள் ரப்பர் குழாயைத் தொட்டுவிட்டு வருவதோடு நிற்கவில்லை. அடியில் இரண்டு முளைகளுக்கு இடையே கட்டியுள்ள கிடைக்கயிற்றைப் பிடித்துப் போய்த் திரும்புகிறாள். சேறு கிளம்பாமல் திரும்பினால் அவளுக்குப் பெருமை பிடிபடாது. இப்போது திசைகாட்டியைத் தொடங்கியிருக்கிறோம். கயிற்றை விட்டு, உதைப்புகளை எண்ணிக்கொண்டு ஒரு திசையில் சென்று, முள்ளைத் திருப்பி அதே எண்ணிக்கையில் மிதவைக் கயிற்றுக்குத் திரும்பவேண்டும். நான் அவள் முழங்கைக்குப் பின்னால் வருவேன், வழிகாட்டமாட்டேன். கயிற்றைக் கையால் எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நெருங்குகிறாள், சில சமயம் ஒரு கை நீளம் தவறுகிறாள், தவறினால் முனகியபடி நேராக மேலே வருகிறாள். 10 மீட்டருக்கு இறங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. கயிற்றுக்குத் தவறாமல் திரும்பி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.